தகடு நிற்கவில்லை

இருபத்தோராம் திகதி.
மீற்றர் கண்ணாடியில் பல்லி முட்டை ஓடு.
போன் வெளிச்சத்தில் இலக்கத்தைப் பார்த்து
போன மாதத்தைக் கழித்து
கலண்டர் ஓரத்தில் எழுதினேன்:
அறுபத்தாறு.

தொண்ணூறுக்கு அங்கால் போனால் வேற விலை.
அதற்கு இருபத்துநாலு யூனிட்,
மீற்றர் பார்க்கிற பொடியன் வர ஒன்பது நாள்.
கொக்குவில் வெயிலுக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

போன மாதப் பில்லை இவர்
மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கி
சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு
மூன்று நாள் திரிந்தார்.
அதற்குப் பிறகுதான் தொடங்கினேன்.

அயன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்,
ஐந்து வெள்ளைச் சட்டையும் ஒரே சூட்டில்;
கடைசிச் சட்டைக்கு முன்னமே நிப்பாட்டி
மிச்சச் சூட்டில் கொலரை இழுத்தேன்.
சம்பலுக்கு அம்மி.
ஒரு கிழமை தோள்மூட்டு நோ,
அதை எந்த மீற்றரும் எழுதாது.
கிணற்று மோட்டர் விடிய ஒருக்கால்,
தாங்கி வழியிற சத்தம் கேட்க முதல் நிப்பாட்டவேணும்.
பிறிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு
என்ன வேணுமென்று யோசிக்கிற பழக்கம் கபிலாஷுக்கு.
"வெளியில நிண்டு யோசி, பிறகு திற."
வைஷாலினி சார்ஜரைக் கழற்றுகிறாள்,
கழற்றிவிட்டு எனக்கொரு சல்யூட்.

எல்லாம் செய்தும் அறுபத்தாறு.

அன்றிரவு பதினொன்றரைக்கு
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
ரீவியின் சிவப்புக் கண்.
குசினி லைற்.
பிறிட்ஜும்தான், ஒருதரம் உதறி அடங்கியது.
ஃபான் நின்றதும் இவர் புரண்டார்.
"கரண்ட் போயிட்டுதோ?"
நித்திரையிலும் அதுதான் முதல் நினைப்பு,
ஒரு கம்பியிலும் உயிரில்லாத வருசங்களில்
பள்ளிக்கூடம் போனவர்.
"இல்லை, நான்தான்."
திரும்பவும் குறட்டை.

இருட்டில் மீற்றருக்கு முன்னால் நின்றேன்.
தகடு நிற்கவேணும்.
நிற்கவில்லை.
கறுப்புக் கோடு அவசரமில்லாமல்
ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்தது,
வாடகை கேட்டு வருகிற ஆள்போல.

யாரோ இந்த வீட்டில் குடிக்கிறார்கள்.

முதலில் பக்கத்து வீட்டைத்தான் நினைத்தேன்.
மதிலோரம் போகிற வயரைப் பிடித்துப் பிடித்துப் போனால்
அது சுலோசனா அக்கா
உடுப்புக் காயப்போடுகிற கொடி.

பிறகு கேட்டது.
குளியலறைக்குப் பின்னால்
சில்லறை கொட்டினதுபோல ஒரு சத்தம்.
விறகுக் கொட்டில் கதவின் கீழே மஞ்சள் கீறு.
திறந்தேன்.
பிஸ்கட் பெட்டி ஒன்று, மேலே தொங்குகிற
நாற்பது வாட் குண்டு பல்ப்,
கீழே பதினாலு குஞ்சு, ஒன்றின் முதுகில் ஒன்று.
குளியலறை ஜன்னலால் வயர்.
அதில் கபிலாஷின் முடிச்சு,
சப்பாத்துக்குப் போடுகிற அதே பிழையான முடிச்சு.

நிற்கச் சொன்னாலும் நிற்காத மனம் கணக்குப் போட்டது:
நாற்பது வாட், இரவும் பகலும்,
நாளுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்.
இருபத்துநாலில் ஒன்பது இவைக்கு.
மிச்சம் பதினைந்து, நாலு மனிசருக்கு.

சுவிச்சை அமத்தினேன்.
சத்தம் அப்படியே நின்றுபோனது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
பிறகு பதினாலும் ஒரே தரத்தில் கத்த
போட்டுவிட்டேன்.

காலையில் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.
எட்டரைக்கு வெயில் ஏறினதும்
பெட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்து
காகத்துக்காக மேலே வலைத்துண்டு விரித்து
பல்பை நிப்பாட்டினேன்.
வெயிலுக்குப் பில் வராது.
கலண்டரில் எங்கள் இலக்கத்துக்குக் கீழே
சின்னதாய் இன்னொரு வரி:
குஞ்சுகள், அரை.

பின்னேரம் பார்த்தால்
பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது:
"முட்டையாய்த் திருப்பித் தருவினம்."

பதினாலில் எத்தனை சேவல் என்று
அவனும் பார்க்கவில்லை,
நானும் பார்க்கவில்லை.